உடையாத போல்ட்

மூன்றாவது சுற்றில் பின்னால் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. டிராக்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின்னால் மாட்டியிருந்த, கத்திகள் சுழன்று மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர் மட்டும் சுற்றுவதை நிறுத்திவிட்டு, படுத்துக்கொண்ட மாடு மாதிரி சேற்றில் இழுபட்டு வந்தது. முருகையன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தான். இன்ஜினின் சுழற்சியை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகிற ஷாப்ட்டின் முனையில், சுண்டுவிரல் பருமனுள்ள போல்ட் ஒன்று சரிபாதியாக வெட்டுப்பட்டுக் கிடந்தது.

வரப்பில் விதை மூட்டைக்குக் காவலாக உட்கார்ந்திருந்த அவன் மனைவி அம்சம் எழுந்து வந்தாள்.

“என்னங்க?”

“போல்ட் ஒடைஞ்சிட்டுது.”

“அதுக்குத்தானே அத வச்சிருக்கான். கல்லு கட்டையில மாட்டுனா அது ஒடையணும், ஷாப்ட் தப்பிச்சுக்கணும்னு பட்டறை மீரா உசேன் பாய் சொன்னாருல்ல?”

இந்த விளக்கம் முருகையனுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அவன் அப்பா கூலி நெல் உயர்வு கேட்டுக் களத்துமேட்டில் அடிவாங்கியவர். அவனே அரைக்கால் டவுசர் போட்ட வயதில் கொடி பிடித்தவன். மற்றவர்களைக் காப்பாற்றுவதற்காக ஒருவன் மட்டும் முதலில் உடைய வேண்டும் என்ற தத்துவம் முதலாளிகள் கண்டுபிடித்தது என்பது அவன் கட்சி.

“உடையறதுக்குன்னே ஒரு போல்ட்டா? நம்ம வண்டியில எதுவும் உடையாது” என்று சொல்லிவிட்டு, கருவிப் பெட்டியைக் கவிழ்த்து, ஏதோ ஒரு லாரியிலிருந்து எப்போதோ கழற்றிய உருக்கு போல்ட் ஒன்றைத் தேடி எடுத்தான். சுத்தியலால் நாலு போடு போட்டு அதை உள்ளே இறக்கினான்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஆறு மா நிலம் கோயிலுக்குச் சொந்தம். குத்தகைப் பதிவில் முருகையன் பெயர் இருந்தது. ஆனால் ஊர்ப் பெரிய பண்ணை ராஜாங்கம், போன வருஷம் தண்ணீர் வராமல் நிலம் தரிசாகக் கிடந்ததைக் காட்டி, முருகையன் சாகுபடியைக் கைவிட்டுவிட்டான், நிலத்தைத் தன் பேருக்கு மாற்ற வேண்டும் என்று மனுப் போட்டிருந்தார். இந்த வழக்குக்கு முன்னால் ஒரு வழக்கு, அதற்கு முன்னால் ஒன்று. அதற்குள் சென்னையில் ஆட்சி இரண்டு முறை கைமாறிவிட்டது. இரண்டு ஆட்சியும் உழுகிறவன் பக்கம்தான் என்று மேடையில் சொன்னது. வழக்கு மட்டும் ஒத்திவைக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அதிகாரிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இந்தக் குறுவைக்கு நிலத்தை உழுது விதைப்பது யார் என்று கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து எழுத வேண்டும். அவர் வருகிற நாள் இன்று சாயங்காலம்.

மூட்டைக்குள் விதை முளைகட்டி வெள்ளையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் நாளை வரை தாங்காது.

நாலு நாள் முன்னால் டீக்கடையில் பத்துப் பேர் முன்னிலையில் ராஜாங்கம் பெரிய மனது பண்ணினார். “முருகையா, உன் வண்டி ஓட்டை வண்டி. என் டிராக்டர அனுப்புறேன், உழுதுக்க” என்றார். டிராக்டர் வயலில் இறங்கினால் மறுநாள் ‘நான்தான் உழுதேன்’ என்று சொல்லுவார் என்பது டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்குக்கூடத் தெரிந்தது. முருகையன் கிளாசைக் கீழே வைத்துவிட்டு மீசையைத் தடவினான். “உங்க வண்டியில இருக்குற ஒரு ஆணி அந்த மண்ணுல பட்டுச்சுன்னா, இந்த மீசைய எடுத்துட்டுத் தெருவுல நடக்குறேன்” என்றான்.

இப்போது அந்த மீசையோடு டிராக்டரில் ஏறி உட்கார்ந்தான். உருக்கு போல்ட் அருமையாக வேலை செய்தது. ஒன்றரைச் சுற்று வந்ததும் வயலின் மூலையில் புதைந்து கிடந்த பழைய பனங்கட்டை ஒன்று ரோட்டவேட்டரின் கத்தியில் மாட்டியது. போல்ட் உடையவில்லை. அதற்குப் பதிலாக, ஷாப்ட் வளைந்து கொடுத்துச் சுற்றுவதற்காகக் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு கிராஸ் இருக்குமே, அது இரண்டு துண்டாகத் தெறித்தது.

அம்சம் அருகில் வந்து, கிராஸ் இருந்த இடத்தையும் போல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “உங்கள மாதிரியே ஒரு போல்ட்டத் தேடிப் புடிச்சுப் போட்டிருக்கீங்க” என்றாள். “அது நல்லாத்தான் இருக்கு. சுத்தியிருக்கிறதுதான் போச்சு.”

முருகையனின் மச்சான் இளையபெருமாள் அதற்குள் தகவல் தெரிந்து டி.வி.எஸ். வண்டியில் வந்துவிட்டான். அவன் ஒரு காலத்தில் நீடாமங்கலத்தில் ஒரு பட்டறைக்கு எதிர்வீட்டில் குடியிருந்தவன். அந்தத் தகுதியில் ஊரில் எந்த இன்ஜின் நின்றாலும் அவன் வந்துவிடுவான். கையோடு ஒரு பழைய கிராஸும் கொண்டுவந்திருந்தான். எந்த வண்டியுடையது என்று கேட்டதற்கு, நல்ல வண்டியுடையது என்று மட்டும் சொன்னான்.

ஷாப்ட் என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளவும் குறுகவும் செய்கிற இரண்டு சதுரக் குழாய்கள். இரண்டின் கோடியிலும் ஒவ்வொரு கவட்டை. இளையபெருமாள் எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, கிராஸை மாட்டி, திரும்ப ஒன்றாகச் சேர்த்தான். அம்சம் குனிந்து பார்த்தாள்.

“ஏண்ணே, ஒரு கவட்டை கெழக்க பாக்குது, ஒண்ணு வடக்க பாக்குதே. முன்னாடி ரெண்டும் ஒரே பக்கம்தானே பார்த்துச்சு?”

“சுத்துற சாமான் அம்சம். சுத்த ஆரம்பிச்சா எல்லாம் எல்லாப் பக்கமும் பாக்கும்.”

முருகையனுக்கு இது நியாயமாகப் பட்டது. வண்டியைக் கிளப்பினான். ஷாப்ட் சுற்ற ஆரம்பித்ததும் டிராக்டருக்குச் சாமி வந்துவிட்டது. ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. முன்விளக்கு ஒன்று தலையாட்டித் தலையாட்டிக் கடைசியில் சேற்றில் விழுந்தது. சீட்டில் உட்கார்ந்திருந்த முருகையன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். பல் அடித்துக்கொண்டதில் வார்த்தை வரவில்லை.

இளையபெருமாள் வரப்பில் ஓடிக்கொண்டே, மெதுவாகப் போவதால்தான் ஆடுகிறது, வேகத்தைக் கூட்டினால் ஆட்டம் அடங்கிவிடும் என்று கையைக் காட்டிக் கத்தினான். முருகையன் பின்வாங்கிப் பழக்கப்பட்டவன் அல்ல. வேகத்தை முழுசாக ஏற்றினான். ஆட்டம் உடனே அடங்கியது. ஏனென்றால் ஷாப்ட் முறுக்குப் பிழிந்த மாதிரி திருகி, நடுவில் கழன்று, ஒரு பாதி வாய்க்கால் மதகில் போய் மோதி விழுந்தது. ஷாப்ட்டுக்கு மேலே போட வேண்டிய பாதுகாப்பு உறை மட்டும் தப்பித்தது. அதை முருகையன் இரண்டு வருஷம் முன்பே கழற்றி, மடைக்குக் குழாயாக வரப்பில் பதித்திருந்தான். அதன் வழியாகத் தண்ணீர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் முருகையனும் மச்சானும் வலங்கைமானில் மீரா உசேன் பட்டறை வாசலில் நின்றார்கள். மீரா உசேன் ஷாப்ட்டின் இரண்டு பாதியையும் தரையில் நீட்டி வைக்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதச் சரி பண்ண முடியாது முருகையா. பொதைக்கத்தான் முடியும்.”

முருகையன் விஷயத்தைச் சொன்னான். சாயங்காலம் வி.ஏ.ஓ. வருவதை, விதை முளைத்துக் காத்திருப்பதை, ராஜாங்கத்திடம் விட்ட சவாலை, எல்லாவற்றையும் சொன்னான். மீரா உசேன் தாடியைச் சொறிந்துகொண்டு கேட்டார். டெல்டாவில் தண்ணீர் திறந்துவிட்ட முதல் பத்து நாளில் பட்டறைகளுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு அவசரமோ அவர்களுக்குப் பட்டறையில் கிடக்கிற சாமானைத் தூக்கிக் கொடுத்துவிடுவது. உடையவர் வருவதற்குள் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். யாருடையது என்று வாங்குகிறவனும் கேட்கமாட்டான், கொடுக்கிறவரும் சொல்லமாட்டார். உழவு முடிந்த பிறகு எல்லாம் அதனதன் வண்டிக்குத் திரும்பிவிடும். இரண்டு வருஷம் முன்னால் முருகையனின் செயின் ஒன்று இப்படித்தான் யாருடைய வயலிலோ ஓடிவிட்டு வந்தது.

மீரா உசேன் உள்ளே போய் ஒரு ஷாப்ட்டைத் தூக்கிவந்தார். கிராஸ் இரண்டிலும் கிரீஸ் பொங்கி வழிந்தது. மஞ்சள் உறை ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது.

“காலையிலதான் கிரீஸ் அடிச்சேன். உன் வண்டிக்குப் பல்லும் நீளமும் சரியா இருக்கும். ஒண்ணு சொல்றேன் கேளு. இதுல இருக்குற போல்ட்ட மாத்துன, இந்த வாசப்படி மிதிக்காத. ரோட்டவேட்டரத் தூக்கும்போது சுத்துறத நிறுத்திட்டுத் தூக்கு.”

முருகையன் தலையாட்டினான். முதல் விஷயத்துக்கு மட்டும்தான் ஆட்டினான் என்பது பின்னால் தெரிந்தது.

புது ஷாப்ட் மாட்டியதும் ரோட்டவேட்டர் வெண்ணெய் கடைவது போல் சேற்றைக் கடைந்தது. பாதி வயல் முடிந்திருக்கும். ரோட்டில் ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது. அம்சம் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். ராஜாங்கத்தின் டிராக்டர். பின்னால் ரோட்டவேட்டர். ஓட்டி வந்தவன் அவருடைய டிரைவர் வைரக்கண்ணு. ராஜாங்கம் வரவில்லை. அன்று அவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். குடும்பமே மாலையும் கழுத்துமாக அங்கே போயிருந்தது.

“மாப்பிள்ளையாத் தாலி கட்டப் போன எடத்துலேருந்தே ஆள அனுப்பி நெலத்தப் புடிக்கச் சொல்லியிருக்காரு” என்றாள் அம்சம். பக்கத்து வயல்களில் நாற்றங்கால் வேலையாக இருந்த பெண்களைக் குரல் கொடுத்து அழைத்தாள். பத்துப் பதினைந்து பேர் சேற்றுக் காலோடு ஓடிவந்து, ராஜாங்கத்தின் டிராக்டருக்கு முன்னால் ரோட்டில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் வண்டியின் முன்பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். பின்பக்கம் போய் யாரும் பார்க்கவில்லை.

வைரக்கண்ணு இறங்கி, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தான். “உழுகிறவருக்கே நிலம்” என்று பெண்கள் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். கோஷம் முடியும்வரை காத்திருந்துவிட்டு மறுபடி வாயைத் திறந்தான். அடுத்த கோஷம் கிளம்பியது. மூன்றாவது முறை அவன் முயற்சியைக் கைவிட்டு, அம்சத்திடம் மட்டும் பணிவாக ஒரு கேள்வி கேட்டான்.

“எப்ப அக்கா முடியும்?”

“நீ வந்த வழியே திரும்புற வரைக்கும் முடியாது. பொழுது சாஞ்சாலும் எந்திரிக்க மாட்டோம்.”

“சரிக்கா. நான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு அவன் வரப்போரம் போய்க் குந்தி உட்கார்ந்தான். அவன் கண் முருகையனையே தொடர்ந்தது. இல்லை, முருகையனுக்குக் கொஞ்சம் பின்னாலேயே தொடர்ந்தது.

முருகையன் இத்தனையையும் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். மார்பு விரிந்தது. ஒவ்வொரு முறை வைரக்கண்ணு பக்கம் வரும்போதும் மீசையை ஒரு தடவு தடவினான். வயல் கோடியில் திரும்புவதற்காக ரோட்டவேட்டரைத் தூக்கினான். ஷாப்ட் சுற்றிக்கொண்டே மேலே எழும்பிக் கடகடத்தது. வைரக்கண்ணு தேள் கொட்டினவன் மாதிரி துள்ளி எழுந்தான்.

“அண்ணே, நிறுத்திட்டுத் தூக்குங்க. கிராஸ் போயிடும்.”

பெண்கள் சிரித்தார்கள். எதிரிக்கு நம் ஷாப்ட்மேல் என்ன இத்தனை கரிசனம் என்று இளையபெருமாள் கேட்டான். பேச்சுக் கொடுத்து வேகத்தைக் குறைக்கிற தந்திரம் என்று முருகையனுக்கு உடனே விளங்கிவிட்டது.

“இது எங்க வயல். நாங்க எப்படி வேணா தூக்குவோம்” என்று சொல்லி, அடுத்த திருப்பத்தில் இன்னும் ஒரு முழம் உயரத் தூக்கினான். வைரக்கண்ணு துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பார்க்கச் சகிக்காமல் அழுகிறான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

கடைசிச் சுற்றில் மறுபடியும் ‘டக்’. அந்தப் பனங்கட்டையின் மிச்சம். முருகையன் இறங்கிப் பார்த்தான். சின்ன போல்ட் வெட்டுப்பட்டிருந்தது. மற்ற எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. மீரா உசேன் உபரியாகக் கொடுத்திருந்த இன்னொரு போல்ட்டை எடுத்து மாட்டினான். அம்சம் போல்ட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வி.ஏ.ஓ. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது வயல் முழுவதும் உழுது, பரம்படித்து, கண்ணாடி மாதிரி கிடந்தது. மூலையில் நாற்றங்காலில் அம்சம் விதை தெளித்துக்கொண்டிருந்தாள். யார் உழுதது என்று அவர் கேட்டார். பதினைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அவர் வைரக்கண்ணுவைப் பார்த்துத் திரும்பி, ராஜாங்கம் தரப்பில் ஆட்சேபம் உண்டா என்றார்.

“நான் இந்த வயல்ல கால்கூட வைக்கலீங்க. முருகையன் அண்ணன்தான் உழுதாரு. என் கண்ணாலயே பார்த்துக்கிட்டு இருந்தேன்” என்றான் வைரக்கண்ணு.

வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டு போனார். இளையபெருமாள் விசிலடித்தான். பெண்கள் முருகையன் கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டார்கள். அவன் டிராக்டரின் மட்கார்டில் ஏறி நின்று, எந்தச் சக்தியாலும் நம்மை உடைக்க முடியாது என்று தொடங்கி ஒரு சிறு உரை ஆற்றினான். ஒரு பெரிய பண்ணை டிராக்டர், ரோட்டவேட்டரோடு வந்து, வெறும் பெண்களைப் பார்த்துப் பயந்து வரப்பில் உட்கார்ந்துவிட்ட நாள் இது என்றான். டீக்கடையில் தான் சொன்ன சொல்லை நினைவுபடுத்தினான். பண்ணையின் ஓர் ஆணிகூட இந்த மண்ணில் படவில்லை என்று சொல்லி, எல்லோரும் பார்க்க மீசையின் இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டான்.

கைதட்டல் ஓய்ந்து, கூட்டம் கலைந்தது. வைரக்கண்ணு வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தான். முருகையனின் டிராக்டருக்குப் பின்னால் போய்க் குனிந்து, கிராஸைத் தொட்டுப் பார்த்தான். மஞ்சள் உறையில் ஒட்டியிருந்த சேற்றைத் துண்டால் பதமாகத் துடைத்தான். பிறகு நிமிர்ந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னான்:

“அண்ணே, நான் உழ வரல, இதத் தேடி மாட்டிக்கிட்டுப் போகத்தான் வண்டியோட வந்தேன். மீசை இருக்கட்டும், காலையில கிரீஸ் அடிக்கப் பட்டறையில போட்ட எங்க ஷாப்ட மட்டும், ஐயா திருக்கடையூர்லேருந்து வர்றதுக்குள்ள கழட்டிக் குடுத்துடுங்க.”