ஹோர்ன் அண்ணனும் விலைக்கு வந்த பெயரும்

மலைநாட்டில் மொத்தம் எவ்வளவு பயம் இருந்ததோ, அதில் சரிபாதியை ஹோர்ன் அண்ணன் ஒருவரே வைத்திருந்தார். மீதியைத்தான் நாங்கள் எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். ஹட்டனில் யாருக்கும் அது தெரியாது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் வெள்ளை வேன் ஒன்று ஓட்டினார். வளைவு வந்தால் எல்லா டிரைவரும் ஹோர்ன் அடிப்பார்கள். இவர் வளைவு வருவதற்கு முன்னால் ஒரு தடவை, வளைவுக்குள் இரண்டு தடவை, தாண்டிய பிறகு 'தப்பிச்சோம்' என்பதற்காக இன்னொரு தடவை அடிப்பார். அக்கரப்பத்தனைப் பாதையில் வளைவைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அவர் வேன் புறப்பட்டால் கல்யாண ஊர்வலம் கிளம்பியதுபோல இருக்கும். ஒருநாள் மார்க்கெட்டில் மரக்கறிப் பையோடு நடந்து வந்தவர், கருவாட்டுக் கடை மூலையில் திரும்பும்போது வாயாலேயே "பீப் பீப்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எதிரே வந்த ஓர் அம்மா ஒதுங்கி வழிவிட்டதுதான் வேடிக்கை.

மழை பெய்தால் மண்சரிவு வரும் என்று பயம். பெய்யாவிட்டால், வானம் எல்லாவற்றையும் சேர்த்துவைக்கிறதே என்று பயம். பனிமூட்டத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து ஓட்டுவார். நுவரெலியா போய்ச்சேரும்போது காலைச் சாப்பாடு மத்தியானச் சாப்பாடாகிவிடும். ஆனால் ஒன்று, அவர் வண்டியில் ஏறிய வயசான வெள்ளைக்காரப் பாட்டிகள் வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாகத் தூங்குவார்கள்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அச்சுக்கடையில் கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கல்யாண அட்டை, மரண அறிவித்தல் பேனர், இடையிடையே விடுதிக்காரர்களுக்கு வெப்சைட். ஹோர்ன் அண்ணனுக்கு ஈமெயில் திறந்து கொடுத்ததும் நான்தான். அதில் வந்ததை வாசித்துச் சொல்வதும் நான்தான். தானே திறந்தால் ஏதாவது வெடித்துவிடும் என்று அவருக்குச் சந்தேகம்.

ஒருநாள் அதில் ஒரு செய்தி வந்தது. 'மலைநாட்டுப் பயணம்' என்ற அர்த்தத்தில் இரண்டே இரண்டு ஆங்கிலச் சொல், கடைசியில் டொட் கொம். அந்த வெப்சைட் பெயர் விற்பனைக்கு இருக்கிறதாம். வேறு ஒருவரும் விசாரிக்கிறாராம். விற்கிறவர் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பாராம். விலையை வாசித்தபோது எனக்கே குரல் இறங்கிவிட்டது. ஏறக்குறைய அவர் வேனின் விலை.

"பேருக்கா?" என்றார்.

"பேருக்குத்தாண்ணே. சின்னப் பேரு, ஞாபகத்துல நிக்கும், பார்க்கிறவங்க பெரிய கம்பெனின்னு நம்புவாங்க. அதான் யாரோ முந்திக்கிட்டு வாங்கி வச்சிருக்காங்க."

"நம்மளே புதுசா ஒண்ணு எடுத்தா?"

"வருஷத்துக்கு ஒரு நாள் டீசல் காசுதான். ஆனா பேரு கொஞ்சம் நீளமா இருக்கும்."

"அப்ப இது காணி வாங்கிற மாதிரியா?"

"காணி மாதிரித்தான். ஆனா இதுக்கும் வருஷா வருஷம் கட்டணும்."

"கட்ட மறந்தா?"

"போயிடும்."

"எங்க போகும்?"

"வேற ஆளுக்கு."

அண்ணன் கையிலிருந்த பிளேன்டிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு புதுப் பயம் குடிவந்ததை நான் பார்த்தேன். அதுவரை அவருக்கு மலை, மழை, மாடு, பஸ் என்று கண்ணுக்குத் தெரிந்ததற்குத்தான் பயம்.

அன்றிலிருந்து தினமும் கடைக்கு வந்தார். வாங்காவிட்டால் நுவரெலியாவில் ஏசி வேன் வைத்திருக்கிறவன் வாங்கிவிடுவான், வெள்ளைக்காரர் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். வாங்கினால் ஓட்ட வேன் இருக்காது. "வேனை வித்தா பேரு வரும். பேரு வந்தா வெள்ளைக்காரன் வருவான். வந்தவனை நான் முதுகுலயா தூக்கிட்டுப் போறது?" என்று என்னையே கேட்டார்.

அடுத்த நாள் வேறு கேள்வி. "இந்தப் பேருல முன்னாடி யாரு இருந்தாங்க? கெட்ட ஆளுங்க குடியிருந்திருந்தா?" நியாயமான கேள்விதான். பழைய பக்கங்களைத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளைப் பக்கம். அது அவரை இன்னும் கலக்கிவிட்டது. "ஒருத்தருமே தங்கலையா? ஏன் தங்கலை?"

வியாழக்கிழமை வேனின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று எழுதி ஒட்டியிருந்தார். பஸ் டிக்கெட் அளவுக்கு ஒரு துண்டுக் காகிதம். பெரிதாக எழுதினால் யாராவது வாங்கிவிடுவார்களே என்று பயம். கடைக்குள் வந்து என் எதிரே உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது, சவரம் செய்யவில்லை.

"நீ சொல்லும்மா. நீ சொல்றதைச் செய்றேன்."

ஒரு குடும்பத்தின் அடுப்பு என் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையை நம்பி இருக்கிறது. வாங்குங்க என்று சொல்லி நட்டமானால்? வேணாம் என்று சொல்லி அந்த நுவரெலியாக்காரன் வாங்கிவிட்டால்? அவருடைய பயம் ஒட்டுவாரொட்டி என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நல்லவேளை, அவர் மனைவி புஷ்பம் அக்கா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அண்ணனின் பயணிகளுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுக்கிறவர். பயம் என்ற சாமான் அவரிடம் கிடையாது, வீட்டில் ஏற்கெனவே நிறைய இருப்பதால்.

"இந்த வாரம் சோறு வாங்கின அத்தனை பேரையும் கேட்டுட்டேன், எப்படி எங்களைக் கண்டுபிடிச்சீங்கன்னு," என்றார். "தங்கின இடத்து ஆளு நம்பர் குடுத்தாங்களாம். இல்லாட்டி முன்னாடி வந்துபோன சிநேகிதங்க சொன்னாங்களாம். ஒருத்தர்கூடப் பேரைத் தட்டிப் பார்த்து வரலை. யாருக்கு வேணும் இந்தப் பேரு?"

அப்போது அண்ணனின் போன் அடித்தது. புது நம்பர். அதை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். அக்கா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் சேர். அந்தப் பேர் விஷயமா. நாளைக்குக் கடைசி நாள்." இளம் குரல். கொழும்புத் தமிழ்.

"இப்ப முடியாது தம்பி," என்றார் அண்ணன், போனுக்குக் கேட்காத குரலில். அதை அக்கா உரத்துச் சொன்னார்.

"விலையில் பாதி குறைக்கலாம் சேர்."

சாதாரண மனிதனுக்குச் சந்தோஷம் வரும். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா குறைக்கிறான்? உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு!"

"காற்பங்குக்குத் தாறேன் சேர்."

"ஐயோ!" என்றார் அண்ணன்.

அந்தத் தம்பி போனை வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தோம். வெளியே மழை தகரத்தில் கொட்டுகிறது. அந்த இரைச்சலுக்குள் ஒரு மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வேற யாரும் விசாரிக்கலை சேர்," என்றது குரல். "வைஃப்புட நகையை அடகு வச்சு வாங்கின பேர். ஒருத்தரும் வாங்கிறாங்க இல்லை. அவவுக்கு இன்னும் சொல்லேல்ல. வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு."

நான் கோபப்படலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தூக்கத்தைக் கெடுத்த பேர்வழி. ஆனால் ஹோர்ன் அண்ணன் இரண்டடி முன்னால் வந்து போனைக் கையில் எடுத்தார். அவர் குரல் நடுங்கவில்லை. அப்படி நான் கேட்டதே இல்லை.

"தம்பி, சாப்பிட்டீங்களா?"

"இல்லை சேர்."

"எனக்கு எட்டு வயசுல தோட்டத்துல எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால மண்ணு இறங்குச்சு. பக்கத்து வீட்டுல ஒருத்தரும் மிஞ்சலை. அன்னையிலேருந்து பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன். பயத்தோடதான் கல்யாணம் கட்டினேன், பயத்தோடதான் வண்டி ஓட்டுறேன். பயத்தோடயே சாப்பிடவும் முடியும் தம்பி. போய்ச் சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு வீட்டுல சொல்லுங்க. சொல்லிட்டு எனக்கு ஒரு போன் அடிங்க. அடிக்காட்டி எனக்கு இருப்புக் கொள்ளாது."

புஷ்பம் அக்கா குடையை விரித்து, மறுபடி மடக்கினார். அந்த மண்சரிவுக் கதையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அவர் ஹோர்ன் அடிப்பதைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவர்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

பின்னேரம் போன் வந்தது. வீட்டில் சொல்லிவிட்டாராம். மனைவி அழுதாராம், ஏசினாராம், பிறகு சோறு போட்டாராம்.

வழி சொன்னது அக்காதான். "அந்தப் பேரை நம்மகிட்ட வாடகைக்கு விடச் சொல்லுங்க. அது வழியா ட்ரிப் வந்தா பங்கு, வராட்டி ஒண்ணும் இல்ல." தம்பி உடனே சம்மதித்தார். நான் வெப்சைட் போட்டேன். அண்ணன் படம், வேன் படம், போன் நம்பர். அண்ணன் கேட்டுக்கொண்டபடி, 'மழை நாளில் வரமாட்டோம்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி.

அந்த வருஷம் முழுக்க அந்தப் பெயர் வழியாக வந்தது ஒரே ஒரு ஜெர்மன் தம்பதி. பெயரைப் பார்த்துப் பெரிய கம்பெனி என்று நம்பியவர்கள், ஹெலிகொப்டர் எங்கே என்று கேட்டார்கள். அண்ணன் வானத்தைப் பார்த்தார், தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர்களை லிந்துலை வழியாக மூன்று மணி நேரம் ஹோர்ன் அடித்துக்கொண்டு கூட்டிப்போனார். மற்றவர்கள் எல்லாம் வழக்கம்போல யாராவது சொல்லித்தான் வந்தார்கள்.

கடைசியில் தெற்கே ஒரு ஹோட்டல்காரர் அந்தப் பெயரைச் சுமாரான விலைக்கு வாங்கினார். நகை திரும்பி வந்ததாகத் தம்பி போனில் சொன்னபோது, அண்ணன் கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "வாங்கினவரு பாவம், யோசிச்சுத்தான் வாங்கினாராமா?"

நான் கொழும்புக்கு வேலைக்கு வந்து சில வருஷமாகிறது. மலைநாட்டில் மழை எச்சரிக்கை போட்டால் என் போன் அடிக்கும்.

"தங்கச்சி, அங்க மழையா? பத்திரமா இருக்கியா?"

"அண்ணே, நீங்கதானே மலையில இருக்கீங்க! இங்க மலையே இல்ல."

"கட்டடம் இருக்குல்ல?"

திட்டிவிட்டுத்தான் போனை வைப்பேன். ஆனால் மழை கொட்டுகிற நாளில் அவர் போன் கொஞ்சம் பிந்திவிட்டால், வேலை ஓடாது. ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு, அது அடிக்கிற வரைக்கும் பயந்துகொண்டே இருப்பேன்.