கிளட்ச் இல்லாத வண்டி

கொத்தனார் முனிரத்தினம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். உயிரே போனாலும் ஸ்கூட்டி சாவியைப் பெண்டாட்டி கையில் கொடுப்பதில்லை.

வண்டி என்னவோ ஞானசுந்தரிக்காகத்தான் வந்தது. திருமுக்கூடலில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் தாயை அம்மா அடிக்கடி போய்ப் பார்க்கட்டும் என்று, கம்பெனி வேலைக்குப் போகிற மகள் ஷீபா வாங்கி அனுப்பியிருந்தாள். பெண்டாட்டி போய்விட்டால் சோறு ஆக்குவது யார்? ஐயாவுக்கு அதுதான் கவலை. "அடுத்த ஞாயிறு கூட்டினு போறேன்" என்று சொல்லிச் சொல்லியே மழைக்காலத்தை ஓட்டிய மகானுபாவன் அவன்.

"உனுக்கு சைக்கிள உட்டா இன்னா தெரியும்? ஒண்ணுமே தெரியாதவளுக்கு இன்னாத்த கத்துக் குடுக்கிறது?"

"தெரிஞ்சவன் நீதானே? ஏரிக்கரை சுத்தி ஓட்டிக் காட்டு. கீழ வுயாம வந்துட்டா சாவி உன்து. வுயுந்துட்டா என்து."

முனிரத்தினத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மானாம்பதிக்கும் உத்திரமேரூருக்கும் கியர் வண்டி ஓட்டியே காய்த்துப்போன கையாச்சே!

கரைமேல் ஜோராகத்தான் போனான். வளைவில் ஒரு எருமை குறுக்கே வந்தது. அவனைக் கேட்காமலே இடது கை, கிளட்ச் என்று நினைத்து முழுசாக அமுக்கிவிட்டது. ஸ்கூட்டியில் அந்த இடத்தில் இருப்பது பிரேக். இடது கால் வேறு, இல்லாத கியரைத் தேடியது. வண்டி கரையில் படுத்தது, அவன் சேற்றில் படுத்தான்.

ஞானசுந்தரி ஓடி வந்தாள். "அடி பட்டுச்சாயா?"

"அது கிளட்ச்சு இல்லன்னு முன்னாலயே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா உன் கை கேக்குமா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பின்னால குந்திக்கினு அத்தத்தான பாத்துக்கினு வரேன். எனக்கு அந்த பேஜாரே இல்ல. பக்கத்து வூட்டு ஜெனிஃபர் சொல்லிக் குடுத்துச்சு, நான் கத்துக்கினேன். மறக்கிறதுக்குன்னு பழசு ஒண்ணும் என்கிட்ட இல்லியே."

வண்டியை நிமிர்த்திச் சேற்றைத் துடைத்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

"நேத்து போன்ல எங்கம்மா, 'நீ யாரும்மா'ன்னு என்னையே கேக்குதுயா. இன்னும் லேட் பண்ணா எம் மூஞ்சியும் மறந்துடும்."

அடப்பாவி, ஒரு வேளை சோற்றுக்காக இத்தனை ஞாயிற்றுக்கிழமையையும் பாழாக்கினோமே என்று முனிரத்தினத்தின் மனசு அடித்துக்கொண்டது. போன நாள் திரும்பியா வரும்?

"நானும் வரேன் ஞானா," என்றான்.

"குந்து."

முதல்முறையாக அவள் பின்னால் உட்கார்ந்தான். திருமுக்கூடல் ரோட்டில் ஒரு பள்ளம் வந்தது. பயத்தில் அவள் தோளை இடது கையால் அமுக்கினான்.

"யோவ், அதுவும் கிளட்ச்சு இல்ல," என்றாள்.