ரொட்டி வாங்கப் போனவர்

"கடைசி ஆள் யாரு?" என்று கேட்டபடியே பெஸ்தோவ் தபால் நிலையத்துக்குள் நுழைந்தார்.

பச்சைத் தலைக்குட்டை கட்டிய அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "நான்தான். ஆனா எனக்குப் பின்னாடி ஒருத்தர் இருக்கார். படிவத்தைக் குடுத்துட்டு ரொட்டி வாங்கப் போயிருக்கார். அவருக்கு அப்புறம் நீங்க."

கண்ணுக்குத் தெரியாத அந்த மனிதருக்காக ஓர் ஆள் இடம் விட்டுப் பெஸ்தோவ் நின்றுகொண்டார். ஊருக்கே இருப்பது ஒரே ஒரு கணினி. அதற்கு முன்னால் ஏழு பேர். மணி பன்னிரண்டு. அவருடைய படகு ஒன்றரைக்குக் கிளம்பிவிடும்.

பெஸ்தோவ் கொதிகலன் ஆய்வாளர். மூன்று வாரமாக ஆற்றோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். மகள் வேரா விளாதிவஸ்தோக்கில் ஒரு மாதமாக ஆஸ்பத்திரிப் படுக்கையில். டாக்டர்கள் எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. "குழந்தை பிறந்ததும் மெயில் போடறேன்" என்று மருமகன் யெகோர் சொல்லியிருந்தான். போன ஊரில் மின்சாரம் இல்லை. அதற்கு முந்தைய ஊரில் தபால் நிலையத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மனுஷன் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த ஊரில் கால் வைக்கவே கூடாது என்பது அவர் சபதம். காரணம், சம்பந்தி இருப்பது இங்கேதான். கல்யாணத்தை யார் ஊரில் வைப்பது என்று மூன்று வருடத்துக்கு முன் தொலைபேசியில் ஒரு சண்டை. கடைசியில் இளசுகள் விளாதிவஸ்தோக்கிலேயே கல்யாணத்தை முடித்துக்கொள்ள, வீம்புக்கு இருவருமே போகவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது. ஆனால் பெற்ற மனம் கேட்குமா? இறங்கிவிட்டார்.

"படிவத்தைப் பூர்த்தி பண்ணிக் குடுங்க!" என்றாள் ஜன்னலுக்குப் பின்னாலிருந்த ரிம்மா பாவ்லவ்னா. "பேரு, மெயில் விலாசம், கடவுச்சொல் எல்லாம் எழுதணும். நான்தான் தட்டுவேன். மிஷினை யாரும் தொடக்கூடாது."

"கடவுச்சொல் ரகசியமாச்சே?"

"அதை மனப்பாடம் பண்றதுதான் எனக்கு வேலையா? குடுங்க இப்படி." வரிசைப்படி அடுக்கியிருந்த படிவங்களுக்கு அடியில் அவருடையதைச் செருகினாள். "பாஸ்போர்ட்?"

அது படகில், கோட்டுப் பையில் கிடந்தது.

பெஸ்தோவ் ஓடினார். அறுபது வயதில் படித்துறையின் நூற்றுப் பன்னிரண்டு படிகளையும் இறங்கி ஏறி, நாக்குத் தள்ளத் திரும்பி வந்தால், ஜன்னலில் அட்டை தொங்கியது: இடைவேளை, இருபது நிமிடம். அது முடிந்தபோது பச்சைத் தலைக்குட்டையைக் காணோம். வேலை முடிந்து போய்விட்டாளாம். சுற்றி நின்றதெல்லாம் புதுமுகங்கள்.

"நான் அந்த அம்மாவுக்குப் பின்னாடி நின்னவன்" என்றார்.

"நீங்களா? உங்களை நாங்க யாரும் பார்க்கலையே" என்றாள் மீன் கூடைக்காரி. "அந்தம்மா போகும்போது, எனக்கு அப்புறம் ரொட்டி வாங்கப் போனவர்னு மட்டும்தான் சொல்லிட்டுப் போனா. நீங்க அவரா?"

மணி ஒன்று ஐந்து. பெஸ்தோவ் வாழ்க்கையில் ஒரு கொதிகலனைப் பற்றிக்கூடப் பொய் சொன்னதில்லை.

"ஆமா, அவர்தான்."

"ரொட்டி எங்கே?"

"தீர்ந்துபோச்சு."

அவ்வளவுதான். "என்னது, ரொட்டி தீர்ந்துபோச்சா!" என்று நான்கு பேர் வரிசையை விட்டுக் கடைக்குப் பறந்தார்கள். போகும்போது, "எங்க இடத்தைப் பார்த்துக்கோங்க!" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போனார்கள்.

"அடுத்தது!" என்றாள் ரிம்மா பாவ்லவ்னா, மேலே இருந்த படிவத்தை எடுத்தபடி. பெஸ்தோவ் பாஸ்போர்ட்டை நீட்டினார். அவள் அட்டையை மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"திறந்து பார்க்கலையா?"

"பாஸ்போர்ட் இருக்கணும்னுதான் சட்டம். படிக்கணும்னு இல்லை." படிவத்தைப் பார்த்து ஒரே விரலால் தட்டினாள். "ஒரு கடிதம் வந்திருக்கு. விளாதிவஸ்தோக்."

பெஸ்தோவ் ஜன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டார். "பாஸ்போர்ட் எடுக்கப் போனப்போ படிக்கிற கண்ணாடியைப் படகிலேயே விட்டுட்டேன். நீங்களே படிங்கம்மா."

ரிம்மா பாவ்லவ்னா தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தாள். "அன்புள்ள அப்பா, பெண் குழந்தை. மூன்று கிலோ நானூறு கிராம். வேரா நலம், எழுந்து நடக்கிறாள்."

வரிசையே "அப்பாடா!" என்றது. பெஸ்தோவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்பான்னு எழுதியிருக்கான்! மூணு வருஷமா 'மதிப்புக்குரிய ஐயா'ன்னு எழுதின பய, இன்னைக்கு அப்பான்னு எழுதியிருக்கான்!"

"இன்னும் இருக்கு, இருங்க. இனிமேலாவது அந்தப் பிடிவாதக்காரக் கிழவரோடு சமாதானமாகப் போங்கள். நீங்களாவது பெரிய மனசு பண்ணக்கூடாதா? படம் அனுப்பியிருக்கிறேன். யெகோர்."

"யாரு அந்தப் பிடிவாதக்காரக் கிழவர்?" என்று கேட்டாள் மீன் கூடைக்காரி.

"என் சம்பந்திதான், வேற யாரு! பெத்த பிள்ளையே சொல்லிட்டான் பாருங்க! இதே ஊர்தான். அந்தாள் பேரைக்கூட என் வாயால சொல்ல மாட்டேன்."

"அதை விடுங்க. படத்தைப் போடு, ரிம்மா!"

ரிம்மா பாவ்லவ்னா திரையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் வெள்ளைத் துணி. பிறகு ஈரமாய் ஒட்டிய கொஞ்சம் கறுப்பு முடி. பிறகு நெற்றி. தொப்பி போட்டிருந்த ஆண்கள் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஏழாயிரம் கிலோமீட்டர், எத்தனை காடு, எத்தனை ஆறு, எல்லாவற்றையும் தாண்டி, காய்ந்த பசை நாறும் இந்த அறைக்குள் ஓர் உயிர் கம்பி வழியாக வந்துகொண்டிருந்தது. பெஸ்தோவ் மூச்சு விடவே பயந்தார். புருவம் வந்தது. மூடிய கண்கள் வந்தன.

படம் நின்றது.

ரிம்மா பாவ்லவ்னா உள்ளறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "யாரது போனை எடுத்தது? ரெண்டுக்கும் ஒரே லைன்தானே! கீழே வைங்க! இங்கே குழந்தை பாதியில நிக்குது!"

உள்ளே பதறிப்போய் யாரோ போனை வைத்தார்கள். மறுபடியும் முதலிலிருந்து துணி, முடி, நெற்றி, கண்கள். பிறகு மூக்கு. பிறகு கொட்டாவி விடும் ஒரு சின்னஞ்சிறு வாய். ஐந்து விரல், ஐந்திலும் நகம்.

"கடவுளே" என்றாள் மீன் கூடைக்காரி மெதுவாக. "நகம்கூட இருக்கு பாரேன்."

"அந்த மூக்கு எங்க அம்மா மூக்கு" என்றார் பெஸ்தோவ். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை. "ஆனா அந்த மோவாய் எங்க பக்கம் இல்லை. அது அவங்க பக்கமாத்தான் இருக்கணும். இருந்துட்டுப் போகட்டும், அழகாத்தான் இருக்கு."

ஆற்றிலிருந்து படகின் ஊதல் கேட்டது.

"உங்க படகா? ஓடுங்க!" என்றார்கள்.

"போனாப் போகட்டும்" என்றார் பெஸ்தோவ். "என் மருமகன் இவ்வளவு சொல்லிட்டான். பெரிய மனசு எனக்கா இல்லை? இப்பவே அந்தாள் வீட்டைத் தேடிப் போறேன். அந்தப் பிடிவாதக்காரக் கிழவனை நானே மன்னிச்சுக் கட்டிக்கறேன். என்ன, ஆளு எப்படி இருப்பார்னுகூடத் தெரியாது."

"அதோ ரொட்டி!" என்று கத்தினாள் மீன் கூடைக்காரி. "தீர்ந்துபோச்சுன்னீங்களே?"

பெஸ்தோவ் திரும்பினார். வலைப்பையில் இரண்டு ரொட்டியோடு உயரமான ஒருவர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, கண்கள் சிவந்திருந்தன. மோவாய் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த மோவாயை இப்போதுதான் எங்கோ பார்த்தோமே என்று பெஸ்தோவ் யோசிப்பதற்குள் அவர் வாயைத் திறந்தார். மூன்று வருடத்துக்கு முன் தொலைபேசியில் கேட்ட அதே குரல்.

"கொஞ்சம் நகருங்க, சம்பந்தி. அது எனக்கு வந்த கடுதாசி."