தாய்மாமன் தலைக்கு மேல ஒரு சீலிங்

ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க எங்க வீட்டைப் பாக்க வர்றாங்க. அதுக்குள்ள வீட்டை ரிப்பேர் பண்ணணும். அவ்வளவுதாங்க வேலை.

எங்க நாமக்கல் பக்கம் பையனை விட வீட்டைத்தான் உத்துப் பாப்பாங்க. எனக்கு வயசு முப்பத்தி நாலு. இதுக்கு முன்னால வந்தவங்க எல்லாம் காபி குடிச்சிட்டு, "போயிட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க"ன்னு போனவங்க, போனவங்கதான். மோகனூர்ப் பொண்ணு சௌமியா மட்டும்தான் போன்ல பேசி, என்னைப் புடிச்சிருக்குன்னு சொன்ன ஒரே ஜீவன். இதையும் விட்டா அப்புறம் நான் அவ்வளவுதான்!

கூடப் படிச்ச இன்ஜினியர் பிரண்டைக் கூட்டிட்டு வந்து வீட்டைச் சுத்திக் காட்டினேன். ஒரு செவுரு விடாம தட்டித் தட்டிப் பாத்தான்.

"மாப்ள, மத்ததெல்லாம் கெடக்கட்டும். மாடியில தண்ணி போற கொழா அடைச்சிருக்குது, தளம் வெடிச்சிருக்குது. தண்ணி நின்னா நேரா ஹாலுக்குத்தான் எறங்கும். மொதல்ல அதைப் பாரு"ன்னான்.

அம்மா கேட்டாங்க, "ஏஞ்சாமி, வர்றவங்க மாடிக்கா ஏறப்போறாங்க?"

நியாயமான கேள்வி!

"கேட்டைப் பாரு, துரு ஏறிக் கெடக்குது. வர்றவங்க மொதல்ல தொடறது அதைத்தான்"னாரு அப்பா.

அம்மாவுக்குச் சமையல் ரூம் டைல்ஸ். எனக்கு, ஹால் சீலிங்ல பழுப்பா இருக்கற ஓதக் கறைய மறைக்கணும்.

"ஃபால்ஸ் சீலிங் போட்டுறலாம். நீல லைட்டு வெச்சு!"ன்னேன்.

பிரண்டு என்னை ஒரு மாதிரி பாத்தான். "டேய், ஒழுகற எடத்துக்குக் கீழ அட்டையைக் கட்டினா ஒழுகறது நின்னுருமா?"

"நிக்காது. ஆனா தெரியாதில்ல!"

இதுல கேவலம் என்னன்னா, என் தொழிலே லாரிக்கு பாடி கட்டறது. எவ்வளவு மழை பேஞ்சாலும் உள்ள ஒரு சொட்டு எறங்காதுன்னு நெஞ்சை நிமித்திச் சொல்றவன் நான்.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. கேட்டு பளபளன்னு நிக்குது. நீல லைட்டு எரியுது. வந்தவங்களுக்குத் தண்ணி பத்தாமப் போயிருமோன்னு அப்பா மோட்டரைப் போட்டாரு. போட்டுட்டு, புது கேட்டைத் தெறந்து மூடிக் காட்டப் போனவரு மோட்டரை மறந்தே போயிட்டாரு.

சௌமியாவோட அப்பா, அம்மா, தாய்மாமன்னு மூணு பேர் வந்தாங்க. அவங்க வீட்டுல மாமன் சரின்னாத்தான் எல்லாம் சரி. அதனால ஹாலுக்கு நடுவுல பெரிய சோபாவை அவருக்குக் குடுத்தோம். நேர் மேல நீல லைட்டு.

கேசரி வந்துச்சு. "தொழிலெல்லாம் எப்படிங்க தம்பி?"ன்னு மாமன் ஆரம்பிச்சாரு.

பதில் சொல்ல வாயைத் தெறந்தவன், எதேச்சையா மேல பாத்தேன். அவர் தலைக்கு மேல சீலிங் லேசா தொப்பை போட்டிருந்துச்சு! மாடியில டேங்க் நெறஞ்சு வழியற சத்தம் கேக்குது.

"ஏனுங்க மாமா, இந்தச் சேர்ல வந்து உக்காருங்க."

இன்னும் பொண்ணே குடுக்கல, அதுக்குள்ள மாமா!

"பரவால்லீங்க தம்பி, இங்கயே சௌரியமா இருக்குது."

"இல்லீங்க, இங்க காத்து நல்லா வரும்."

"ஃபேனு இங்கதான இருக்குது?"

தொப்பை இன்னும் கொஞ்சம் எறங்குச்சு.

"தோட்டத்தைப் பாத்துட்டு வந்தர்லாங்களா?"

"கேசரி சாப்புட்டுக்கறனே!"

அம்மா என்னைக் கண்ணாலயே எரிச்சாங்க. சௌமியாவோட அப்பா அவர் சம்சாரத்துகிட்ட, "பையனுக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லையா?"ன்னு ரகசியமாக் கேட்டாரு. அந்த ரகசியம் எனக்கு நல்லாவே கேட்டுச்சு.

வேற வழியில்ல. எந்திரிச்சுப் போய் மாமன் கையைப் புடிச்சு இழுத்தேன். "மாமா, அது என்ற எடமுங்க! நான் தெனமும் அங்கதான் உக்காருவேன்!"

மனுசன் மெரண்டு போய் எந்திரிச்சுட்டாரு. சொன்ன வாய்க்கு நான் உக்காந்துதான ஆகணும்? உக்காந்தேன்.

சீலிங் வந்துச்சு. அட்டை, தண்ணி, நீல லைட்டு, எல்லாம் ஒண்ணா என் தலை மேல!

பஜ்ஜி மாவுல முக்கின வாழக்கா மாதிரி நான் உக்காந்திருக்கேன். கல்யாணம் போச்சுன்னு நெனச்சதும் எனக்கு நெசமாவே அழுகை வந்துருச்சு. மூஞ்சியெல்லாம் தண்ணியா இருந்ததால யாருக்கும் தெரியல.

மாமன் மேல பாத்தாரு. என்னைப் பாத்தாரு. மறுபடியும் மேல பாத்தாரு.

"உளுகும்னு தெரிஞ்சுதான் என்னைய எழுப்புனீங்களா?"

"ஆமாங்க."

"தெரிஞ்சும் நீங்க போயி உக்காந்தீங்களா?"

யோசிக்காம உக்காந்துட்டேன்னு சொன்னா முட்டாளும்பாங்க. "ஆமாங்க"ன்னேன்.

மாமன் சௌமியா அப்பா பக்கம் திரும்பினாரு. "மச்சா, ஊடு மோசம். பையன் தங்கம்!"

சாயந்தரம் சௌமியா போன் பண்ணினா. சிரிச்சு முடிக்கவே ரொம்ப நேரமாச்சு.

"எங்கூட்ல எல்லாருக்கும் சம்மதமுங்க. ஆனா ஒண்ணு, ஹால்ல கொடை புடிச்சுட்டு என்னால குடும்பம் நடத்த முடியாது"ன்னா.

இப்ப மாடியில வேலை நடக்குது. ஊர்ல எல்லாருக்கும் முகூர்த்த நாளை ஜோசியர் குறிச்சுக் குடுப்பாரு, எனக்குக் கொத்தனார் குறிச்சுக் குடுக்கறாரு.