ஏரியல் அண்ணாச்சியின் ஜப்பான் வண்டி

ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு கிராமத்தையே ஏமாற்றிய மனிதர் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். அவர் எங்கள் ஏரியல் அண்ணாச்சி. வேறு யாராவது உண்டு என்று நீங்கள் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், சண்டைக்கு வருவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி டிப்போவில் வேலை பார்த்தேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு மாடி அறை. அதில் எனக்கு முன்பே குடியிருந்தவர் அண்ணாச்சி. நூல் மில்லில் மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலை. வயது முப்பத்தைந்து இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்க்ரூ டிரைவர், கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு நீளக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கேட்பதற்கு முன்னால், "அந்தக் கம்பிய மடக்குங்க அண்ணாச்சி, யாரு கண்ணையாவது குத்திரும்" என்பார். அந்த ஏரியல் கம்பியைப் பார்த்து டீக்கடைக்காரர் வைத்த பெயர்தான் ஏரியல். சொந்தப் பெயர் எனக்கே மறந்துவிட்டது. மில்லில் மறக்கவில்லை என்று நினைக்கிறேன், சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

கம்பியின் அடியில் இருந்தது ரிமோட் பெட்டி. அந்த ரிமோட்டுக்கு ஓடுவது ஒரு கார். முழங்கை நீளம், கூரை கிடையாது, முன்னால் ஒல்லிச் சக்கரம், பின்னால் முள் முள்ளாகப் பருத்த டயர். மேடு பள்ளத்தில் துள்ளி ஓடுவதற்கென்றே ஜப்பான்காரர்கள் எண்பதுகளில் செய்த வகை. பொம்மைக் கார் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடக் கூடாது.

"பொம்மைக்கு ஷாக் அப்சார்பர் உண்டுமா தம்பி? இதுக்கு நாலு இருக்கு. பொம்மைய வச்சு விளையாடலாம். இத வச்சு வேலைதான் பாக்க முடியும்."

அது வாஸ்தவம். ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு வாரம் பிரித்துப் போட்டு வேலை பார்ப்பார். தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்கிற பழைய கடையில், உயிர் போன நிலையில் கிடந்ததைத் தூக்கி வந்தாராம். பல் உடைந்த கியரை மில்லில் கழித்துப்போட்ட நைலான் துண்டில் கடைந்தார். ஸ்ப்ரிங் வேண்டும் என்று என் பேனாக்களை எல்லாம் பிரித்தார். அந்த வருஷம் முழுக்க நான் அமுக்கினால் எழுதாத பேனாக்களோடுதான் டிப்போவுக்குப் போனேன். ஜப்பானியப் பிளாஸ்டிக் உடம்பு நொறுங்கிப் போயிருந்ததால், வீட்டுக்காரம்மா தூக்கிப் போட்ட பச்சைக் குடத்தை வெட்டி, அடுப்பில் வாட்டி, வளைத்து, புது உடம்பு செய்தார். குடத்தின் வாய் இருந்த இடத்தில் டிரைவர் உட்காரும் இடம் அமைந்தது. இது ஓட ஆரம்பித்ததும் இதே மாதிரி இன்னொன்றை, அலுமினியத் தகட்டில் அடியிலிருந்து தானே செய்யத் தொடங்கிவிட்டார்.

ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் ஊற்ற வேண்டும். விளக்கெண்ணெய் ஊற்றினார், வண்டி துள்ளவே மாட்டேன் என்றது. தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துபோனது. கடைசியில் நல்லெண்ணெய் பொருந்தியது. அது நான் இட்லிப் பொடிக்கு வாங்கி வைத்திருந்த நல்லெண்ணெய்.

"தம்பி, உங்க எண்ண ஒண்ணாம் நம்பர். எந்தக் கடை?" என்று கேட்டார். திட்டலாம் என்று வாயைத் திறந்தவன், கடைப் பெயரைச் சொல்லிவிட்டு வெறும் பொடியைத் தொட்டுச் சாப்பிட்டேன். அவர் முகத்தைப் பார்த்து யாராலும் திட்ட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் ஓட்டுவார். அவர் ரிமோட்டை அமுக்கும் நேரமெல்லாம் கீழே வீட்டுக்காரம்மாவின் டிவியில் கோடு கோடாக ஓடும். அந்த அம்மா மூச்சு வாங்க மேலே வந்து ஆன்டெனாவைத் திருப்பும். பெரியவங்க வந்திருக்கிறார்களே என்று அண்ணாச்சி மரியாதையாக வண்டியை நிறுத்திவிட்டுக் கைகட்டி நிற்பார். கீழேயிருந்து "சரியாயிட்டும்மா" என்று குரல் வரும். அந்த அம்மா திருப்தியாக இறங்கிப் போகும். இவர் மறுபடியும் ரிமோட்டை எடுப்பார். ஒரு நாள் எனக்கே பொறுக்காமல், "அண்ணாச்சி, உங்களாலதான் படம் தெரியல" என்றேன். உடனே இறங்கிப் போய், "அம்மா, நான்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார். என்ன நான்தான் என்று அந்த அம்மாவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. நேரத்தை மட்டும் அண்ணாச்சி காலைக்கு மாற்றிக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஆளுக்குப் பெண் பார்க்க ஒரு தரகர் வந்தார். அதற்கு முன்னால் வந்த இடமெல்லாம், பையன் பொம்மைக் கார் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டே தட்டிப்போயிருந்தது. கயத்தாறில் கட்டிக்கொடுத்த அக்கா ஒருத்தியைத் தவிர அண்ணாச்சிக்கு யாரும் கிடையாது. இந்த இடமும் போனால் இனி நான் தேடவே மாட்டேன் என்று அந்த அக்கா அழுதுவிட்டுப் போயிருந்தார். அண்ணாச்சிக்கும் ஆசை இருந்தது. வாய்விட்டுச் சொல்ல மாட்டார். தனியாகச் சாப்பிடும்போது எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

தரகர் வெளியூர்க்காரர். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். கேள்வியும் பதிலும் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தன.

"சொந்தமா வண்டி இருக்கா?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு ஓடுது, ஒண்ணு பிரிச்சுப் போட்டிருக்கேன்."

"என்ன வண்டி?"

"ஜப்பான்."

தரகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெட்ரோலா, டீசலா?"

"ரெண்டும் இல்ல, பேட்டரி. பின் சக்கர இழுவை. கரிசக்காட்டுல கூட ஓடும்."

"பேட்டரியிலயே ஓடுதா? ஆளு சாதாரண ஆளு இல்ல போலிருக்கே" என்று சொல்லிக்கொண்டே தரகர் இறங்கிப் போனார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எங்கள் அறையில் வண்டி என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. அது கட்டிலுக்கு அடியில் இருந்தது.

நாலு நாள் கழித்துத் தரகர் சொல்லி அனுப்பினார். வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வர வேண்டும். பெண் வீட்டில் வண்டியைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், கட்டாயம் வண்டியோடு வரவும்.

அதைக் கேட்டதும் அண்ணாச்சி கட்டிலுக்கு அடியிலிருந்து வண்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இத்தன வருசத்துல வண்டியக் காட்டுங்கன்னு யாரும் கேட்டதில்ல தம்பி. எடுத்து உள்ள வைங்கன்னுதான் சொல்லியிருக்காவ. பொண்ணு எப்படி இருந்தாலும் சரி, இந்தக் குடும்பம்தான்."

வெள்ளிக்கிழமை வரை அவர் வண்டியைத் துடைத்த துடைப்பில் குடத்தின் பச்சை வெளுத்துவிட்டது. அக்கா, "மொதல்ல நீ பாத்துட்டு வா, பிடிச்சா நான் வாரேன்" என்று சொல்லிவிட்டதால், உறவு என்ற இடத்தில் நான் போனேன். ஓட்டப்பிடாரம் தாண்டி ஒரு கரிசல் கிராமம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பார்த்தேன், ரோட்டிலிருந்து பெண் வீடு வரைக்கும் பாதையில் புதுச் சரள் விரித்திருந்தார்கள். சித்திரை மாதம். இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த கரிசக்காடு வாய் பிளந்து, கை நுழைகிற அகலத்துக்கு வெடித்துக் கிடந்தது. அந்தப் பாதையில் மட்டும் வெடிப்பெல்லாம் மூடியிருந்தது. வழியை அடைத்துக்கொண்டிருந்த வேப்பங்கிளையை வெட்டியிருந்தார்கள். வீட்டு முற்றத்தில் நின்ற சோளத்தட்டைப் படப்பைக்கூடப் பிரித்துத் தள்ளி அடுக்கியிருந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் தரகர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா தம்பி, வண்டிக்காகச் சரள் விரிச்சிருக்காவ. பின் டயரு நல்லாப் பிடிக்கும்."

வாசலில் ஊரே நின்றது. பெண்ணின் அப்பா பருத்தியும் உளுந்தும் போடுகிற சம்சாரி, கனத்த மீசை. எங்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார்.

"வாங்க, வாங்க. வண்டிய எங்கன நிப்பாட்டியிருக்கீங்க? ரோட்டுலயா? உள்ளயே கொண்டாரலாமே, பாதை போட்டிருக்கோம்."

"கையோட கொண்டாந்திருக்கேன் ஐயா" என்று அண்ணாச்சி மஞ்சள் பையிலிருந்து வண்டியை எடுத்துத் தரையில் வைத்தார். ஏரியலை இழுத்து நீட்டிவிட்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

ஒரு கோழி மட்டும் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனது.

"இது என்னது?" என்றார் பெண்ணின் அப்பா.

"வண்டி."

"பெட்ரோல் இல்லாம ஓடுத ஜப்பான் காருன்னுல்லா சொன்னாவ."

"பெட்ரோல் இல்லதான் ஐயா. பேட்டரி."

சத்தியமாக அவர் கிண்டல் செய்யவில்லை. ஆனால் கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பெண்ணின் அப்பாவுக்கு மீசை துடித்தது. தரகரைத் தேடினார். தரகர் படப்புக்குப் பின்னால் போய்ச் சோளத்தட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"பாதை போட்டு, மரத்த வெட்டி, ஊரக் கூட்டி வச்சிருக்கேன். என்னையப் பாத்தா கேணப்பய மாதிரி இருக்கா உங்களுக்கு?"

அப்போதுதான் அண்ணாச்சிக்கு விளங்கியது. முகம் அப்படியே சுருங்கிப்போனது. "காருன்னு நான் ஒரு தடவகூடச் சொல்லலியே ஐயா" என்றார். வேறு யாராக இருந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியிருப்பார்கள். நான் பாதி தூரம் ஓடியே விட்டேன். இவர் நின்ற இடத்தில் நின்றார்.

"நீங்க பாக்கணும்னு ஆசைப்பட்டதாச் சொன்னாவ. தப்பாச் சொல்லிட்டாவ போல. இவ்வளவு பாதை போட்டிருக்கீங்க, ஒரே ஒரு தடவ ஓட்டிக் காட்டிட்டுப் போயிருதேன்."

பெண்ணின் அப்பா மீசையைக் கடித்துக்கொண்டு பாதையை விட்டு ஒதுங்கினார். அண்ணாச்சி விசையைத் தள்ளினார். நிஜமாகச் சொல்கிறேன், வண்டி அன்றைக்கு ஓடியதுபோல் என்றைக்கும் ஓடியதில்லை. சரளை வாரி இறைத்துக்கொண்டு ரோடு வரைக்கும் போய், அரைவட்டம் அடித்துத் திரும்பி, வரப்பில் ஏறி ஆள் உயரத்துக்குத் துள்ளியது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் வாய் பிளந்தது. கரிசலும் வாய் பிளந்துதான் இருந்தது. துள்ளிய வண்டி காட்டுக்குள் விழுந்து, இருந்ததிலேயே பெரிய வெடிப்புக்குள் தலைகுப்புறப் போய்ச் சேர்ந்தது. பூமிக்கு உள்ளேயிருந்து ஙொய்ங் என்று சத்தம் மட்டும் வந்தது.

அண்ணாச்சி பெண் பார்க்கப் போட்டுவந்த வெள்ளை வேட்டியோடு குப்புறப் படுத்துத் தோள் வரைக்கும் கையை விட்டார். எட்டவில்லை. எழுந்து உட்கார்ந்து வெடிப்பையே பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பெண்ணும் போய், வண்டியும் போய், மனுஷன் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து பெண் வந்தது. பட்டுச் சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ, கையில் பாதாளக் கரண்டி. கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பார்களே, வளையத்தில் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும், அது.

"ஏட்டி, உள்ள போ" என்றார் அப்பா.

"இருங்கப்பா. வாளி விழுந்தா எடுக்க மாட்டமா?" என்றது அந்தப் பெண். கயிற்றை வெடிப்புக்குள் இறக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் அண்ணாச்சியிடம் கேட்டது: "உங்க வண்டிக்குப் பின்னால போவத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பம் நான் இழுக்கையில நீங்க பின்னால எடுங்க. சும்மா இழுத்தா ஒடிஞ்சிரும்."

ஊரே சுற்றி நிற்க, அந்த இரண்டு பேரும் ஒரு வெடிப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தார்கள். "எடுங்க... இருங்க, மாட்டிக்கிச்சு... இப்பம் எடுங்க." பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததே இல்லை. வண்டி மேலே வந்தது. ஒட்டியிருந்த மண்ணை அந்தப் பெண் ஊதித் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டியது.

"முன்னால ஒரு ஸ்ப்ரிங்கு இல்ல. உள்ளதான் கிடக்கும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டது.

காப்பி கொடுத்தார்கள். குடித்தோம். பெண்ணின் அப்பா எங்கோ பார்த்துக்கொண்டு, "சொல்லி அனுப்புதோம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்த்த வீட்டில் சொல்லி அனுப்புதோம் என்றால், இந்தப் பக்கம் வந்துவிடாதே என்று அர்த்தம். கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லி அனுப்புதோம்னு சொல்லியிருக்காவ தம்பி" என்றார். ஊர் வரும் வரைக்கும் அதையே சொன்னார். எனக்கு உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. மறுநாளிலிருந்து மில் விட்டதும் நேராக அறைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். டீக்குக் கூப்பிட்டால், "நீங்க போங்க, ஆளு வந்தா நான் இல்லன்னா நல்லாருக்காது" என்பார். முன் ஸ்ப்ரிங் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு வண்டியும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பேனா ஸ்ப்ரிங் ஒன்றைக் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டார்.

ஒரு நாள் காலையில் மாடிப்படியில் செருப்புச் சத்தம். தரகர். நான் செய்த பாவம் என்ன என்ற முகத்தோடு வந்து நின்றார்.

"அந்தப் பிள்ளை அவங்கப்பாட்ட ஒத்தக்கால்ல நிக்கி. அவரு கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்காரு, எவ்வளவு பெரிய வண்டின்னு கேக்காதது நம்ம தப்புன்னு சொல்லுது. பொய் சொல்லத் தெரியாத ஆளுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பீங்கன்னு கேட்டுட்டு. பெரியவரு சரின்னுட்டாரு. அக்காவக் கூட்டிட்டு வரச் சொன்னாவ. அந்த ஸ்ப்ரிங்க அந்தப் பிள்ளை வெடிப்புல இருந்து எடுத்து வச்சிருக்காம். என் கையில குடுக்க மாட்டேன்னுட்டு. அவியளே வந்து வாங்கிக்கிடணுமாம்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நான் சொல்லல தம்பி? சொல்லி அனுப்பிட்டாவ பாத்தீங்களா" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தரகருக்கு டீ வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன்.

கல்யாணம் முடிந்து அவர் வேறு வீடு பார்த்துப் போனார். போகும்போது பாதியில் நின்ற அந்த அலுமினிய வண்டியை என் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, "நீங்க முடிங்க தம்பி" என்றார். நான் எங்கே முடிக்க? என் நல்லெண்ணெய் பாட்டில் அதன் பிறகு குறையவே இல்லை, இட்லியும் ருசிக்கவில்லை. பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனபோது படி ஏறுகையிலேயே உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது: "அண்ணே, பாத்து வாங்க, வண்டி வருது." ரிமோட் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. ஏரியல் அண்ணாச்சி முழங்காலில் தவழ்ந்து வண்டிக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன், வீட்டு வாசலில் நாலு பேர் ஏறுகிற கார் நிற்கிறது. ஆனாலும் யாராவது "வண்டி வருது" என்றால் நான் ரோட்டைப் பார்ப்பதில்லை. மிதித்துவிடக் கூடாதே என்று முதலில் என் காலடியைத்தான் பார்க்கிறேன்.