தொளதொளச் சட்டை

"இன்னும் ஒரு கரண்டி, நானா. ஒங்கட ஒடம்பு தேறணுமே," என்று அடுத்த வீட்டு ருக்கியா வட்டிலப்பத்தை நீட்டினாள். ஸெய்னுலாப்தீன் கண்ணீர் மல்க விழுங்கினார். அவருக்கிருந்த ஒரே வியாதி பருமன். அதைக் குணமாக்கத்தான் ஊரே சாப்பாட்டைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது.

கண்டியில் பாத்திரக் கடை வைத்திருந்த அவருக்கு, அந்த உடம்பைச் சுமந்தே முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. பள்ளிவாசலில் கடைசி வரிசையில் கதிரை போட்டுத்தான் தொழுகை. எல்லோரும் நெற்றியைத் தரையில் வைக்கும்போது இவர் மட்டும் கதிரையில் குனிந்து நிமிர்வார். மௌத்தாகிக் கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவையாவது நெற்றி தரையில் படவேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது.

"எடையக் குறைச்சாத்தான் முழங்கால் ஒபரேஷன். இது ஒங்கட பிரச்சினை மட்டும் இல்ல, நாட்டுப் பிரச்சினை," என்றார் டொக்டர். நாட்டையே வயிற்றில் சுமப்பவர் போல வீடு திரும்பிய ஸெய்னுலாப்தீன், அன்றே அவித்த முட்டைக்கோவாவுக்கு மாறினார்.

சில நாள் கழித்து மனைவி ஸுலைஹா புதுச் சட்டையொன்று கொடுத்தாள். போட்டுப் பார்த்தால் தொளதொள!

"யார் தச்சது?"

"அதே இராமையாதான், அதே அளவுதான்," என்றாள் அவள், சட்டையை மடித்துக்கொண்டே. மெலிந்துவிட்ட சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சட்டையோடு ஜும்ஆவுக்குப் போனதுதான் வினை.

"என்ன ஹாஜியார், மெலிஞ்சு பெய்த்தீங்க! சொகமில்லயா?" என்று கேட்டார் சிநேகிதர் நஸீம்.

"கிளினிக் போறன்," என்றார் இவர் பெருமையாக.

அஸர் தொழுகைக்கு முன்பே நோய் விசாரிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், கையில் சட்டிகளோடு.

"எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்ல!" என்று கத்தினார்.

"பாவம், மறைக்கிறார்," என்று வாசலிலேயே கண்ணைத் துடைத்தார்கள்.

சாப்பிட்டுக் காட்டினாலாவது நம்புவார்கள் என்று புரியாணியை ஒரு பிடி பிடித்தார். "இப்பதான் வாய்க்குப் பிடிக்கிது," என்று மறுநாள் இரட்டிப்பாய்க் கொண்டுவந்தார்கள்.

கடைசியில் பள்ளிவாசலுக்கு போன் பண்ணினார். "ஸெய்னுலாப்தீனுக்கு சொகம்ண்டு ஸ்பீக்கர்ல சொல்லுங்க."

ஸ்பீக்கர் சொன்னது: "ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரின் சுகத்துக்காக அனைவரும் துஆ செய்யவும்." செய்தி பரவி, கடுகண்ணாவை ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள், பெரிய சஹன் தட்டுச் சோற்றோடு.

அடுத்த கிளினிக்கில் தராசு முள் முன்பைவிட மேலே ஏறி நின்றது. டொக்டர் பேனாவை மூடினார். "இப்படியே போனா ஒபரேஷன் பண்ண ஏலாது."

இனிக் கபுறுக் குழி வரைக்கும் கதிரைத் தொழுகைதான். வெளியே வந்து முச்சக்கர வண்டியில் ஏறுகையில் அந்தத் தொளதொளச் சட்டையின் பொத்தானே தெறித்து ஓடியது. நேரே இராமையாவின் தையல் கடைக்குப் போய் அழாத குறையாகச் சொன்னார்.

"நல்லா மெலிஞ்சு வந்தேன், இராமையா. இந்தச் சட்டை தொளதொளண்டு கெடந்திச்சே! ஊரே சேர்ந்து சோறு தீத்தி என்னைக் கெடுத்திட்டுது."

இராமையா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து அவர் வயிற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க எங்க மொதலாளி மெலிஞ்சீங்க? கோவா தின்னு காயிற மனுசன், சட்டை இறுக்கினா மனசொடிஞ்சு போவாருன்னு ஒங்க வீட்டம்மா சொல்லித்தானே, நான் நாலு இஞ்சு பெருசா தச்சேன்!"