ஹென்னிங் கூரை ஏறாத கதை

ஹாட்டிங்கன்,
மே மாதம், திங்கட்கிழமை.

பெருமதிப்புக்குரிய ஹெட்விக் அக்காவுக்கு, தம்பி வின்ஃப்ரீட் பணிவுடன் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி ரோஸ்விதாவும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை என்பதால் எழுதுகிறேன். என் மகன் ஹென்னிங்கைக் கூப்பிட்டு நீ நன்றாகத் திட்ட வேண்டும். உலகத்தில் அவன் பயப்படுகிற ஒரே ஆள் நீதான்.

அவன் கால்பந்துப் பிழைப்பு உனக்குத் தெரிந்ததுதான். பத்தொன்பது வயதில் முதல் ஆட்டம், நாங்கள் பீர் வாங்கிக்கொண்டு வந்து உட்காருவதற்குள் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அப்புறம் இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன், ஆஸ்திரியாவில் கொஞ்ச நாள், முழங்காலில் ஆபரேஷன், கடைசியில் நம் ஊர் அணிக்கே வந்து சேர்ந்தான். தடுப்பாட்டக்காரன் தடுத்ததை யார் பார்க்கிறார்கள், விட்டதைத்தான் பார்க்கிறார்கள். இப்போது முப்பத்து மூன்று வயது, ஒப்பந்தமும் முடிகிறது. "ஆகஸ்டிலேர்ந்து உங்களோட கூரை வேலைக்கு வந்துடறேம்பா" என்று அவன் வாயாலேயே சொன்னான். நானும் நம்பி அவனுக்கென்று புது ஏணியே வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை கடைசி ஆட்டம். தோற்றால் நான்காம் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள், டிரா ஆனால் தப்பிக்கலாம். முதல் பாதியிலேயே நம் பிள்ளை சேம் சைடு கோல் போட்டான். பக்கத்தில் இருந்த மீசைக்காரர் என்னைப் பார்த்து, "இவனுக்குப் பதிலா ஒரு கொடிக்கம்பத்தை நட்டா அதுவே நல்லா தடுக்கும்" என்றார். என் மகன் என்று சொல்லிக்கொள்ள அதுவா நேரம், "ஆமாங்க, கம்பமாவது சும்மா நிக்கும்" என்றேன். ரோஸ்விதா இடித்த இடியில் என் பீர் முழுக்க மடியில் கொட்டியது. இரண்டாம் பாதியில் கோல்கீப்பரைத் தாண்டி வந்த பந்தை ஹென்னிங் கோட்டருகே நின்று முகத்தால் தடுத்தான், மூக்கு உடைந்தது, பஞ்சை அடைத்துக்கொண்டு திரும்ப ஓடினான், முடிகிற நேரத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி கோலும் போட்டான். தப்பித்தோம். மீசைக்காரர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "இவனப் பெத்த மகராசனுக்கு நான் ஒரு பீர் வாங்கித் தரணுங்க." நான் வாயைத் திறப்பதற்குள் ரோஸ்விதா, "அந்த மகராசன் இன்னிக்கி வரலீங்க. இவரு அந்தக் கம்பத்துக்குத்தான் அப்பா" என்றாள்.

ஞாயிறு காப்பி நேரத்தில் கிளப் தலைவி அம்மாள் கேக்கும் புது ஒப்பந்தமுமாக வந்தார். வீங்கின மூக்கோடு இவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். "கூரை எங்கப்பா ஓடிப்போகுது" என்கிறான். கூரை ஓடாது அக்கா, என் இடுப்பு ஓடிவிடும். ஏணியில் பாதி ஏறினால் மீதிக்கு யாராவது தூக்கிவிட வேண்டியிருக்கிறது. தொழிலை நான் யாரிடம் கொடுப்பது? ஆகவே தயவுதாட்சண்யம் பாராமல் திட்டவும்.

அத்தானுக்கும் அவர் வளர்க்கும் தேனீக்களுக்கும் என் அன்பு. உங்கள் வீட்டில் இந்தக் கோடை முழுக்க நல்ல வெயில் அடிக்கட்டும்.

உன் தம்பி,
வின்ஃப்ரீட்

பி.கு.: தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது ஹென்னிங் வந்தான். "அம்மா உங்க இடுப்பப் பத்திச் சொன்னாங்க. ஒப்பந்தம் வேணாம்னு சொல்லிடறேம்பா, நாளைக்கே கூரைக்கு வரேன்" என்றான். எனக்கு வந்ததே கோபம். "மூக்கைக் குடுத்துக் காப்பாத்தின டீமை விட்டுட்டு ஓடு மாத்த வரியாடா? போடா வீட்டுக்கு" என்று விரட்டிவிட்டேன். நீ எப்படியும் பாதிக் கடிதத்திலேயே போனை எடுத்து அவனைத் திட்டி முடித்திருப்பாய். தயவுசெய்து மறுபடி கூப்பிட்டு, அதே குரலில், மாற்றித் திட்டவும்.